ஓஹையோக்காரர்கள் யார் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிறந்த, வளர்ந்த, பேர் வாங்கிய மனிதர்களைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வினாடி வினாவுக்குப் படிப்பவர்கள், பிள்ளையின் பள்ளிக் கட்டுரைக்குத் தகவல் தேடுபவர்கள், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள், கொலம்பஸிலும் கிளீவ்லாந்திலும் குடியேறியவர்கள் எனக் கேட்பவர்கள் பலவகை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

ஒருத்தரை ஓஹையோக்காரர்னு எதை வெச்சு சொல்றாங்க? பிறந்த ஊரா, வளர்ந்த ஊரா?

இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. மாநில அரசு, அருங்காட்சியகம், செய்தித்தாள் என ஒவ்வொன்றும் தனக்கு வசதியான அளவுகோலை எடுத்துக்கொள்கிறது. குழப்பம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று விவரங்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே பிறந்தார், சுமார் ஐந்து வயதிலிருந்து பதினெட்டு வரை எங்கே வளர்ந்தார், எங்கே இருந்தபோது பெயர் வந்தது. மூன்றும் ஓஹையோ என்றால் பிரச்சினையே இல்லை. ஒன்றோ இரண்டோ மட்டும் என்றால் எது என்று சொல்லிவிட்டு எழுத வேண்டும்.

எங்கள் கணிப்பில் வளர்ந்த ஊருக்குத்தான் எடை அதிகம். பிறந்த மருத்துவமனை ஒருவரை உருவாக்குவதில்லை. படித்த பள்ளியும் நடந்த தெருவும் பார்த்த வேலைகளும்தான் உருவாக்குகின்றன. கீழே வரும் பதில்களில் "மூன்று விவரம்" என்று வந்தால் இதைத்தான் குறிக்கிறோம்.

ரைட் சகோதரர்கள் வட கரோலினாவிலதானே பறந்தாங்க? அப்புறம் ஏன் ஓஹையோ உரிமை கொண்டாடுது?

பறந்தது வட கரோலினாவின் கிட்டி ஹாக் அருகே, 1903 டிசம்பர் 17 அன்று. முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. அன்றைய கடைசிப் பறத்தல் 59 விநாடி, 852 அடி. ஆனால் அந்த விமானம் உருவானது ஓஹையோவின் டேட்டன் நகரில் அவர்கள் நடத்திய சைக்கிள் கடையில். 1901 இறுதியில் அங்கேதான் காற்றை வீசவிட்டுச் சோதிக்கும் ஆறடி நீளக் காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டி, சுமார் 200 சிறகு வடிவங்களைச் சோதித்தார்கள். அதுவரை அச்சில் இருந்த காற்றழுத்தக் கணக்குகளை நம்பிச் செய்த கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) எதிர்பார்த்த அளவு மேலெழவில்லை. அதனால் கணக்கைத் தாங்களே புதிதாகப் போட்டார்கள். சுமார் 12 குதிரைத்திறன் எஞ்சினைச் செய்து கொடுத்தவர் அவர்கள் கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர்.

கிட்டி ஹாக்குக்குப் போனதற்குக் காரணம் அங்கே வீசும் சீரான காற்று, விழுந்தால் அடிபடாத மணல், வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேராத தனிமை. பறக்கும் வித்தையைக் கைவசப்படுத்தியது டேட்டன் அருகே ஹஃப்மன் பிரெய்ரி என்ற மாட்டு மேய்ச்சல் நிலத்தில். அங்கே காற்று போதாததால், கோபுரத்திலிருந்து கனமான எடையை விழவிட்டு அந்த இழுவிசையில் விமானத்தைக் கிளப்பினார்கள். 1905 அக்டோபர் 5 அன்று அங்கே சுமார் 39 நிமிடத்தில் 24 மைல் வட்டமிட்டுப் பறந்தார் வில்பர். நினைத்தபடி திருப்பவும், விரும்பும் நேரம்வரை பறக்கவும் கூடிய விமானம் அன்றுதான் கைக்கு வந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. ஆர்வில் 1871இல் டேட்டனில் பிறந்தவர். அண்ணன் வில்பர் 1867இல் பிறந்தது பக்கத்து மாநிலமான இண்டியானாவின் மில்வில் அருகே. "ஓஹையோவில் பிறந்த ரைட் சகோதரர்கள்" என்று எழுதினால் பாதி தவறு.

ஓஹையோ நம்பர் பிளேட்ல ரைட் விமானத்தைத் தலைகீழா போட்டாங்களாமே, நிஜமா?

தலைகீழ் இல்லை, முன்பின் மாறிவிட்டது. 2021இல் வெளியிட்ட புதிய வடிவத்தில், விமானம் இழுத்துச் செல்லும் பதாகையை வாலில் கட்டுவதற்குப் பதில் முகப்பில் கட்டி வரைந்துவிட்டார்கள். கவனித்தவர்கள் சுட்டிக்காட்டியதும் திருத்தினார்கள். தவறுக்கு இடம் கொடுத்தது விமானத்தின் அமைப்பே: மேலும் கீழும் திருப்ப உதவும் சிறு சிறகுகள் ரைட் விமானத்தில் முன்னால் இருக்கும், உந்துவிசிறிகள் பின்னால் இருக்கும். இன்றைய விமானத்தைப் பார்த்துப் பழகிய கண் முன்பக்கத்தை வால் என்று எடுத்துக்கொள்ளும். படம் வரைகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடிசன் நியூ ஜெர்சிக்காரர்னுதான் படிச்சோம். ஓஹையோ எங்கிருந்து வந்துச்சு?

மூன்று விவரத்தையும் போட்டால் தெளிவாகிவிடும். பிறந்தது 1847 பிப்ரவரி 11, ஓஹையோவின் மைலன் என்ற சிற்றூர். 1854இல் குடும்பம் மிச்சிகனின் போர்ட் ஹூரனுக்குப் போய்விட்டது, வளர்ந்தது அங்கே. பேர் வாங்கியது நியூ ஜெர்சியின் மென்லோ பார்க்கிலும் வெஸ்ட் ஆரஞ்சிலும்.

ஆக, ஓஹையோவில் எடிசன் வாழ்ந்தது ஏழு ஆண்டுகள்தான். ஆனாலும் மாநிலம் அவரை விடவில்லை. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகளை வைக்கலாம். அடிமை முறைக்கு ஆதரவாகப் பேசிய வில்லியம் ஆலனின் சிலையை எடுத்துவிட்டு, 2016இல் எடிசன் சிலையை ஓஹையோ வைத்தது. இன்னொரு சிலை அதிபர் கார்ஃபீல்டுடையது.

ஓஹையோ தந்த அமெரிக்க அதிபர்கள் ஏழு பேரா எட்டு பேரா?

ஓஹையோவில் பிறந்தவர்கள் ஏழு பேர்: யுலிசிஸ் கிராண்ட், ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ், ஜேம்ஸ் கார்ஃபீல்ட், பெஞ்சமின் ஹாரிசன், வில்லியம் மெக்கின்லி, வில்லியம் டாஃப்ட், வாரன் ஹார்டிங். எட்டு என்று சொல்பவர்கள் பெஞ்சமினின் தாத்தாவான வில்லியம் ஹென்றி ஹாரிசனையும் சேர்க்கிறார்கள். அவர் பிறந்தது வர்ஜீனியாவில். 1840 தேர்தலில் வென்றபோது வீடு ஓஹையோவின் நார்த் பெண்ட். வர்ஜீனியாவும் அவரைச் சேர்த்துத்தான் எட்டு என்கிறது.

மூன்றாவது எண்ணும் உண்டு. தேர்தலில் வெல்லும்போது ஓஹையோவில் குடியிருந்தவர்களை மட்டும் எண்ணினால் ஆறு. கிராண்ட் இல்லினாயிலிருந்தும், பெஞ்சமின் ஹாரிசன் இண்டியானாவிலிருந்தும் போட்டியிட்டார்கள். தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் "பிறந்தவர்கள்" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதென்ன ஒரே மாநிலத்துல இவ்வளவு அதிபர்கள்? ஏதாவது காரணம் இருக்கா?

இருக்கிறது, அதுவும் தற்செயல் அல்ல. ஏழு பேரும் 1869க்கும் 1923க்கும் இடையில் பதவி வகித்தவர்கள். 1840 முதல் 1880 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் நியூயார்க், பென்சில்வேனியாவுக்கு அடுத்து மூன்றாவது பெரிய மாநிலம் ஓஹையோ. எந்தக் கட்சிக்கும் நிச்சயமாகச் சாயாத மாநிலமும்கூட. நியூ இங்கிலாந்துக்காரர்கள் வடக்கிலும், வர்ஜீனியா, கென்டக்கி வழி வந்தவர்கள் தெற்கிலும் குடியேறியிருந்ததால், இங்கே ஜெயிக்கத் தெரிந்தவருக்கு நாடு முழுக்கப் பேசத் தெரியும் என்று கட்சிகள் கணக்குப் போட்டன. 1880களின் நடுப்பகுதி வரை மாநிலத் தேர்தலை இங்கே அக்டோபரிலேயே நடத்திவிடுவார்கள். நவம்பரில் காற்று எந்தப் பக்கம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதால் நாடே ஓஹையோவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதற்கு மேல், வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போர். கிராண்ட் முதல் மெக்கின்லி வரை ஐந்து பேருமே வடபடையில் போரிட்டவர்கள். ஹேய்ஸும் மெக்கின்லியும் ஒரே படைப்பிரிவு, 23ஆவது ஓஹையோ காலாட்படை. 1862இல் ஆன்டீட்டம் போர்க்களத்தில் குண்டு மழைக்கு நடுவே வண்டியில் சூடான சாப்பாடும் காப்பியும் கொண்டுபோய்க் கொடுத்த பத்தொன்பது வயது சார்ஜன்ட்தான் பின்னாளில் அதிபரான மெக்கின்லி. போர்த் தலைமுறை ஓய்ந்த பிறகும் செல்வாக்கு கொஞ்ச காலம் நீடித்தது. 1920இல் ஹார்டிங், அவரை எதிர்த்த ஜேம்ஸ் காக்ஸ் இருவருமே ஓஹையோக்காரர்கள், இருவருமே செய்தித்தாள் உரிமையாளர்கள்.

ஓஹையோ 1953லதான் முறையா மாநிலம் ஆச்சாம். அப்போ டாஃப்ட் அதிபரானதே செல்லாதுன்னு சொல்றாங்களே?

இந்த வாதம் வருமான வரி கட்ட மறுப்பவர்கள் கிளப்பியது. வரிக்கு வழிசெய்த 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் டாஃப்ட் காலத்தில் வந்தது, டாஃப்ட் அமெரிக்காவில் பிறந்தவரே இல்லை, ஆகவே திருத்தம் செல்லாது என்பது அவர்கள் கணக்கு. நீதிமன்றங்கள் இதை ஏற்கவில்லை.

அடிப்படையில் இருக்கும் தகவல் உண்மைதான். 1803 பிப்ரவரியில் கூட்டாட்சிச் சட்டங்கள் ஓஹையோவுக்கும் பொருந்தும் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது, மார்ச் 1 அன்று சிலிக்கோத்தியில் மாநிலச் சட்டமன்றம் கூடியது. "மாநிலமாகச் சேர்க்கிறோம்" என்று தனித் தீர்மானம் மட்டும் போடவில்லை. 150ஆவது ஆண்டு விழா வந்தபோது இதைக் கண்டு, 1803 மார்ச் 1 முதல் செல்லும்படி 1953இல் தீர்மானம் போட்டார்கள். அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார்.

வாதம் உடையும் இடம் இரண்டு. அதிபராகப் பிறப்பிலேயே வந்த அமெரிக்கக் குடியுரிமை போதும், பிறந்த இடம் மாநிலமாக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. டாஃப்ட் பிறந்த 1857இல் சின்சினாட்டி அமெரிக்க மண்தான். அடுத்து, அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அதிபரின் ஒப்புதலே தேவையில்லை. நாடாளுமன்றமும் மாநிலங்களும் சேர்ந்து செய்வது அது.

நீல் ஆம்ஸ்ட்ராங், ஜான் க்ளென் ரெண்டு பேருமே ஓஹையோவா?

இருவரும், மூன்று விவரத்தில் பிறப்பும் வளர்ப்பும் ஓஹையோ. க்ளென் 1921இல் கேம்பிரிட்ஜில் பிறந்து நியூ கான்கார்டில் வளர்ந்தார். 1962 பிப்ரவரி 20 அன்று பூமியை மூன்று முறை சுற்றி வந்தார், அமெரிக்கர்களில் அவர்தான் முதல். பிறகு 24 ஆண்டுகள் ஓஹையோவின் செனட்டர். 1998இல் 77 வயதில் மீண்டும் விண்வெளிக்குப் போனார்.

ஆம்ஸ்ட்ராங் 1930 ஆகஸ்ட் 5 அன்று வாப்பகோனெட்டா அருகே தாத்தா பாட்டியின் பண்ணையில் பிறந்தார். அப்பாவுக்கு மாநிலத் தணிக்கை வேலை என்பதால் ஓஹையோவுக்குள்ளேயே பல ஊர் மாறி, 1944இல் வாப்பகோனெட்டாவுக்கே திரும்பினார்கள். பதினாறு வயதில் விமானம் ஓட்டும் மாணவர் உரிமம், அதற்குப் பிறகுதான் கார் உரிமம். 1969இல் நிலவுக்குப் போகும்போது 1903 ரைட் விமானத்தின் உந்துவிசிறி மரத்துண்டும் சிறகுத் துணியும் அவரோடு போயின. டேட்டனும் வாப்பகோனெட்டாவும் ஒரே மாநிலத்தில் பக்கம் பக்கமாக இருப்பவை. 66 ஆண்டுக்குள் முடிந்த இந்தப் பயணத்தை நினைத்தால் எங்களுக்கு இன்றும் சிலிர்க்கும். திரும்பி வந்தபின் 1971 முதல் 1979 வரை சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் பாடம் எடுத்தார்.

சுனிதா வில்லியம்ஸும் ஓஹையோதானாமே? செய்தியில மாசசூசெட்ஸ்னு போடுறாங்க.

இரண்டும் சரி. பிறந்தது 1965இல், கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்ளிட். வளர்ந்தது மாசசூசெட்ஸின் நீடம். சொந்த ஊர் என்று அவர் சொல்வதும் நீடத்தைத்தான். அப்பா குஜராத்தின் ஜுலாசன் கிராமத்தவர். அம்மா ஸ்லோவேனிய வம்சாவளி. கிளீவ்லாந்துப் பகுதியில் ஸ்லோவேனியர்கள் பெருமளவில் குடியேறியிருக்கிறார்கள். எட்டு நாளுக்கென்று கிளம்பி 286 நாள் விண்வெளி நிலையத்தில் தங்கி 2025 மார்ச்சில் திரும்பியவர் இவரே.

கூடைப்பந்து லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டெஃப் கர்ரி ரெண்டு பேரும் ஒரே ஊரா?

பிறந்தது ஒரே ஊர், ஆக்ரன். ஒரே மருத்துவமனையும்கூட. லெப்ரான் 1984, கர்ரி 1988. ஆனால் முதல் பதிலில் சொன்ன வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரியும். கர்ரியின் அப்பா டெல் கர்ரி அந்த ஓர் ஆண்டு கிளீவ்லாந்து அணியில் ஆடினார், அதனால் பிள்ளை அங்கே பிறந்தது. அடுத்து அப்பாவுக்கு சார்லட் அணி. கர்ரி வளர்ந்தது வட கரோலினாவில். அவரை ஓஹையோக்காரர் என்பது பொருந்தாது.

லெப்ரான் ஆக்ரனிலேயே வாடகை வீடு வாடகை வீடாக மாறி வளர்ந்தவர். உள்ளூர்ப் பள்ளியிலிருந்து நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 2016இல் கிளீவ்லாந்துக்கு அவர் வாங்கித் தந்த கோப்பை, பெரிய விளையாட்டுகளில் அந்த நகரத்துக்கு 1964க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கும் இதே சோதனையைப் போட்டுப் பாருங்கள்: பிறப்பு கொலம்பஸ், வளர்ப்பு டெக்சஸ்.

ஜெஸ்ஸி ஓவன்ஸ் அலபாமாவுல பிறந்தவர். அவரை எப்படி ஓஹையோ கணக்குல சேர்க்கலாம்?

கர்ரிக்கு நேர் எதிர் கதை ஓட்ட வீரரான இவருடையது. 1913இல் அலபாமாவின் ஓக்வில்லில் பிறந்தார். ஒன்பது வயதில் குடும்பம் கிளீவ்லாந்துக்கு வந்தது. ஓடக் கற்றது கிளீவ்லாந்துப் பள்ளியில், மெருகேறியது ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில். 1935 மே 25 அன்று மிச்சிகனின் ஆன் ஆர்பரில் முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலக சாதனைகளை உடைத்து ஒன்றைச் சமன் செய்தார். அன்று தாண்டிய 8.13 மீட்டர் நீளம் 25 ஆண்டு நிலைத்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் நான்கு தங்கம் எல்லோருக்கும் தெரியும்.

உரிமை கொண்டாடும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அவர் படித்த காலத்தில் கறுப்பின மாணவர்களுக்குப் பல்கலைக்கழக விடுதியில் இடமில்லை, அவர் வெளியே தங்கினார். உதவித்தொகை கிடையாது, வேலை செய்துகொண்டே படித்தார்.

எழுத்தாளர்கள் யாராவது உண்டா? டோனி மாரிசன் ஓஹையோவைப் பத்தி ஏன் அவ்வளவு எழுதினாங்க?

மாரிசன் 1931இல் ஏரிக்கரை ஊரான லோரெய்னில் பிறந்து வளர்ந்தவர். இரும்பாலை ஊர். கறுப்பினத்தவர், போலந்து, இத்தாலி, மெக்சிகோ குடும்பங்கள் எல்லாம் கலந்து வாழ்ந்த தெருக்கள். முதல் நாவலின் களமே லோரெய்ன்தான். 1993இல் இலக்கிய நோபல் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

ஓஹையோ அவர் எழுத்தில் வருவதற்கு ஆறு ஒரு முக்கியக் காரணம். தெற்கு எல்லையான ஓஹையோ ஆற்றுக்கு அந்தக் கரை கென்டக்கி, அடிமை மாநிலம். இந்தக் கரையில், ஓஹையோ உள்ளிட்ட வடமேற்குப் பகுதிக்கான 1787 சட்டப்படியே அடிமை முறைக்குத் தடை. 1856 ஜனவரியில் உறைந்த ஆற்றின் மேல் நடந்து சின்சினாட்டிக்குத் தப்பி வந்த மார்கரெட் கார்னர், பிடிபடும் நிலையில் தன் குழந்தையை மறுபடி அடிமைத்தனத்துக்குக் கொடுக்க மனமின்றிக் கொன்றார். அந்த நிகழ்வின் கருவை வைத்து மாரிசன் ஒரு நாவல் எழுதினார். மாரிசனைப் படிக்கப் போகிறவர்கள் முதலில் வரைபடத்தில் அந்த ஆற்றைப் பார்த்துவிடுங்கள். டேட்டனின் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பரும் இந்தப் பின்னணியிலிருந்து வந்தவர்தான். கென்டக்கியில் அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன், பள்ளியில் ஆர்வில் ரைட்டின் வகுப்புத் தோழர். 1890இல் அவர் நடத்திய பத்திரிகையை அச்சிட்டுக் கொடுத்தது ரைட் சகோதரர்களின் அச்சகம்.

அலுமினியத்தைக் கண்டுபிடிச்சவர் ஓஹையோக்காரரா?

அலுமினியத்தை அல்ல, அதை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியை. 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் பெருமையோடு வைக்கும் அளவுக்கு அது அரிய உலோகமாக இருந்தது. ஓபர்லின் கல்லூரியில் படித்த சார்லஸ் மார்ட்டின் ஹால், வீட்டின் பின்புறம் இருந்த விறகுக் கொட்டகையில் 1886 பிப்ரவரி 23 அன்று வழி கண்டார். வயது 22.

அலுமினிய ஆக்சைடான அலுமினாவை உருக்க 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் கரைத்தால் சுமார் 1,000 டிகிரியே போதும். பிறகு மின்சாரம் பாய்ச்சினால் உலோகம் பிரியும். முதலில் களிமண் மூசையில் செய்தபோது வரவில்லை, ஏனென்றால் மண்ணிலுள்ள சிலிக்கா கரைந்து கலவையைக் கெடுத்தது. உள்பக்கம் கரிமப் பூச்சு கொடுத்ததும் சிறு சிறு உருண்டைகளாக அலுமினியம் வந்தது. மின்சாரத்துக்கு பேட்டரியும் அவரே செய்தார், வேதியியல் படித்த அக்கா ஜூலியா கூட நின்றார். அதே ஆண்டில் பிரான்சின் ஏரூ தனியாக இதே வழியைக் கண்டதால் செயல்முறைக்கு ஹால்-ஏரூ என்று பெயர். இருவருமே பிறந்தது 1863, இறந்தது 1914. தொழிற்சாலை எழுந்தது பிட்ஸ்பர்கில் என்பதால் ஹாலைப் பென்சில்வேனியாக்காரர் என்று எழுதிவிடுகிறார்கள்.

டிராஃபிக் சிக்னலைக் கண்டுபிடிச்சவர் காரெட் மார்கன்னு சொல்றாங்க. சரியா?

அப்படியே சொன்னால் தவறு. கிளீவ்லாந்தின் யூக்ளிட் அவென்யூவில் 1914லேயே மின்சார சிக்னல் வந்துவிட்டது. மார்கன் 1923இல் காப்புரிமை பெற்றது கையால் இயக்கும் வேறொரு சிக்னலுக்கு. எல்லாப் பக்கமும் ஒருசேர நிற்க வைக்கும் மூன்றாவது நிலை அதில் இருந்தது.

அவருடைய பெரிய சாதனை புகையிலிருந்து காக்கும் தலைக்கவசம். 1916 ஜூலையில் ஈரி ஏரிக்கு அடியில் குடிநீர்ச் சுரங்கம் வெடித்தபோது, அந்தக் கவசத்தை மாட்டிக்கொண்டு சகோதரரோடு உள்ளே இறங்கி ஆட்களை மீட்டார். கறுப்பினத்தவர் என்பதால் அன்று உரிய பாராட்டு கிடைக்கவில்லை. பிறப்பு கென்டக்கி, பேர் கிளீவ்லாந்து.

மாநிலம் ஆகறதுக்கு முன்னாடி அங்க இருந்தவங்களைக் கணக்குல சேர்க்கறது இல்லையா?

சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஷானி இனத் தலைவர் டெகம்சே 1768 வாக்கில் இன்றைய ஓஹையோ மண்ணில் பிறந்தவர். பல பழங்குடிகளை ஒரே கூட்டணியாகத் திரட்டி, நிலம் பறிபோவதைத் தடுக்கப் போராடி, 1813இல் போரில் இறந்தார். அவர் மேல் இருந்த மதிப்பால் லான்காஸ்டர் ஊர்க்காரர் ஒருவர் 1820இல் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். உள்நாட்டுப் போரின் தளபதி வில்லியம் டெகம்சே ஷெர்மன் அந்தப் பிள்ளைதான்.

தமிழர் தொடர்பு ஏதாவது உண்டா?

சின்சினாட்டியில் 1985இல் பிறந்து வளர்ந்த விவேக் ராமசாமி, கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியிலிருந்து போன தமிழ் பேசும் குடும்பத்தின் மகன். மருந்து நிறுவனம் தொடங்கி, 2024 அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்றவர். இசை ரசிகர்களுக்கு ஓஹையோ என்றால் 1978 முதல் நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை நினைவுக்கு வரும். ஆனால் அது விழாவின் பெருமை. அங்கே பாட வருபவர்களை ஓஹையோக்காரர் பட்டியலில் சேர்க்க முடியாது.

நானே ஒரு பட்டியல் தயாரிக்கிறேன். எங்க தப்பு வரும்?

பெரும்பாலும் ஊர்ப் பெயரில். ஹேய்ஸ் பிறந்த டெலவேர் ஓஹையோவின் ஒரு நகரம், டெலவேர் மாநிலம் அல்ல. க்ளெனின் கேம்பிரிட்ஜ் இங்கிலாந்தோ மாசசூசெட்ஸோ அல்ல. நடிகர் கிளார்க் கேபிள் பிறந்த கேடிஸ் ஸ்பெயினில் இல்லை. பெஞ்சமின் ஹாரிசன் படித்த மயாமி பல்கலைக்கழகம் ஃபுளோரிடாவில் இல்லை, ஓஹையோவின் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின்) பெயரையும் எழுதி வைத்தால் இந்தத் தவறுகள் முக்கால்வாசி நின்றுவிடும்.

அடுத்த தவறு, ஒருவர் ஓஹையோ அணியில் ஆடினார், ஓஹையோ கல்லூரியில் படித்தார் என்பதையே பிறப்பாக எடுத்துக்கொள்வது. நாவலாசிரியர் ஹேரியட் பீச்சர் ஸ்டோ சின்சினாட்டியில் 1832 முதல் 1850 வரை வாழ்ந்து அடிமை முறையின் கொடுமையை ஆற்றங்கரையில் நேரில் அறிந்தவர், ஆனால் பிறந்தது கனெக்டிகட். இவர்களை நீக்க வேண்டியதில்லை. "வாழ்ந்தவர்" என்று தனிப் பிரிவில் வையுங்கள். கிளீவ்லாந்துப் பள்ளியில் சந்தித்து சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரில் சீகல் அந்த ஊரிலேயே பிறந்தவர், ஷஸ்டர் கனடாவின் டொரன்டோவில் பிறந்தவர். ஜோடியாகவே சொல்லிப் பழகிய பெயர்களை, ரைட் சகோதரர்களைப் போலவே, ஒவ்வொருவராகப் பிரித்துச் சரிபார்த்துவிடுங்கள்.